கடன் கொப்பியின் ஓரம்

அளம்பில் சங்கக் கடை. பின்னேரம் ஐந்தேகால்.
மா மூட்டையில் சாய்த்து நிறுத்திய போனில்
தேசிய அணி, சிநேகபூர்வ ஆட்டம்.
பேருக்குத்தான் சிநேகம்,
ஆறாம் நிமிடமே எங்கள் பெடியனின் கணுக்காலில்
ஒருவன் ஏறிவிட்டான்.

வாங்கில் நாலு பேர். காற்று, கடலுக்குப் போகாத நாள்.
றெஜினோல்ட் அண்ணை கோல் கேட்கிறார்,
குணாளன் கோல் கேட்கிறான்,
கோலை விட்டால் உதைபந்தில் வேறொன்றுமில்லை இவர்களுக்கு.
நான் தராசடியில் நின்று
நடுக்களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையில் அகப்பட்டது கடன் கொப்பி.
பின்னுக்குப் போன பந்துக்கு ஒரு கோடு,
பக்கத்துக்குப் போனதுக்குக் கீழே ஒரு கோடு,
முன்னுக்குப் போனால் புள்ளடி.
இடைவேளைக்குள் பின்னுக்கு நாற்பத்தொன்று.
பக்கம் முப்பத்தாறு.
புள்ளடி ஒன்பது,
அதிலும் இரண்டு சறுக்கிப் போனவை.

எட்டாம் இலக்கம் ஓடுகிறான், குறை சொல்ல ஏலாது,
பந்து எங்கே இருந்ததோ அங்கே ஓடுகிறான்.
பத்தாம் இலக்கத்துக்கு இடது கால் தேன்.
பந்து கேட்கிற வாய்தான் இல்லை.
ஆறாம் இலக்கம், என்னுடைய இலக்கம்,
அவனோடுதான் எனக்குக் கோபம்.
பந்து வர முன்னம் ஒருக்கால்
தோளுக்கு மேலால் திரும்பிப் பாரடா.
உன் முதுகுக்குப் பின்னால் பத்துப் பாகம் வெறும் நிலம்,
வலை காயப் போடலாம்.
அவன் அதைக் காணாமலே காப்பாளருக்குத் திருப்பிக் கொடுக்கிறான்.
காப்பாளர் உயர அடிக்கிறார்.
நடுக்களத்துக்கு மேலால் பந்து
கொக்கு மாதிரிப் போகிறது.

"அடி! நல்ல அடி!" என்றார் றெஜினோல்ட் அண்ணை.

எனக்குத் தெரியும் அந்த அடி.
மீளக் குடியேறி வந்த வருசம்
பள்ளிக்கூட மைதானத்தின் நடுவைக்
கயிறு கட்டி மறித்திருந்தார்கள்.
சிவப்புப் பலகை, மண்டையோடு, மூன்று மொழி.
ஒன்றரை வருசம்.
கிழக்கில் ஐந்து பேர், மேற்கில் ஐந்து பேர்,
கயிற்றுக்கு மேலால் அடித்து விளையாடினோம்.
உள்ளே விழுந்த பந்துகளை எண்ணினோம், எடுக்கவில்லை.
ஏழு.
வெயிலில் அவை காற்றிறங்குவதைப் பார்த்துக்கொண்டு
எட்டாவதை அடித்தோம்.

கயிறு அவிழ்த்த அன்று
முகக்கண்ணாடிக்காரர் அதிபரிடம் கையெழுத்து வாங்கிப் போனார்கள்.
பிறகும் நடுவில் நிற்க ஆளில்லை.
ஆறாம் இலக்கச் சேட் எனக்குக் கிடைத்தது அப்படித்தான்,
திறமையால் என்று மாவட்ட அணியில் சொல்லி வைத்திருக்கிறேன்.
முதல் மாதம் நான் பந்தைப் பார்க்கவில்லை,
காலடியைப் பார்த்தேன்.
எப்போது தலை தூக்கினேன் என்று ஞாபகமில்லை.

இவன் எந்த ஊரோ. எந்தக் கயிறோ.
ஒரு கயிறும் இல்லாமலும் இருக்கலாம்,
பயிற்றுநர் சொன்னதை மட்டும் செய்கிறவனாயும் இருக்கலாம்.

இரண்டாம் பாதியில் அலுத்துப்போய்க் கோடு போடவில்லை.
எழுபத்தோராம் நிமிடம் ஆளை மாற்றினார்கள்.
பதினாலாம் இலக்கம், மெலிந்தவன், சேட் தொளதொளப்பு.
பந்து வர முன்னம் பார்த்தான்,
இடத்தால் ஒருக்கால், வலத்தால் ஒருக்கால்.
திரும்பினான்.
இரண்டு பேருக்கு நடுவால், நிலத்தோடு நிலமாக,
ஊசிக்குள் நூல்.
நான் கத்தின கத்தில்
செபமலர் அக்காவுக்கு நிறுத்த சீனி
இருநூறு கிராம் கூடிப்போனது.
முன்னுக்கு நின்றவன் வானத்துக்கு அடித்தான், அது வேறு கதை.
பத்தாவது புள்ளடி போட்டேன்.
சுற்றி ஒரு வட்டமும்.

பூச்சியம், பூச்சியம்.
"ஒண்டுமில்லாத மட்ச்" என்று
சாரத்தைத் தட்டிக்கொண்டு குணாளன் எழும்பினான்.

அடுத்த நாள் முகாமையாளர் கொப்பியைத் திறந்தார்.
"குணாளன்ர கணக்கில என்ன பிள்ளை, பத்துப் புள்ளடி?
தேங்காயோ?"

வட்டம் போட்டது மட்டும்
தேங்காயில்லை என்றேன்.