கழுத்து வரை கோதுமை

மிண்டரிக்கு முன்னால் நாற்பது கிலோமீட்டர்,
ஒரு வளைவுகூட இல்லை.
தூங்கிவிடாமலிருக்க
சாலையோரம் செத்துக் கிடந்த கங்காருகளை எண்ணினேன்.
பத்தொன்பதில் ஊர் வந்துவிட்டது.

பார்க்க வேண்டியவை மூன்று என்றது
பொதுக் கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடம்.

அருங்காட்சியகம் பூட்டிக் கிடந்தது.
சாவி கறிக்கடையில்.
க்ளைவ் கையைத் துடைத்துக்கொண்டு
சாவியோடு அரைக் கிலோ சாஸேஜும் கட்டித் தந்தார்.
வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லை.
உள்ளே, பஞ்சு பிதுங்க,
இரட்டைத்தலை ஆட்டுக்குட்டி.
ஒரு முகம் வாசலைப் பார்த்தது,
மறுமுகம் என் கையிலிருந்த பொட்டலத்தை.
நெடுநேரம் நிற்க முடியவில்லை.

பாலத்தின் கீழே ஆறு இல்லை.
தூணில் மட்டும் வெள்ளைக் கோடுகள்:
ஐம்பத்தாறு, எழுபத்து நான்கு,
என் தலைக்கு மேலே
தண்ணீர் நின்ற ஆண்டுகள்.
காய்ந்த மணலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு
ஒரு பையன் தோண்டிக்கொண்டிருந்தான்.
"என்ன இருக்கு?"
"தெரியாது. இன்னும் வரல."

பிறகு
ரயில் வராத தண்டவாளத்தின் அருகே
கான்கிரீட் குதிர்கள் நான்கு.
நான்கிலும் பரவி ஒரே முகம்:
கொண்டை, சுருக்கங்கள், சிரிப்பு.
இடது காதின் ஓட்டையில்
இளஞ்சிவப்புக் கிளிகள் இரண்டு
எதற்கோ சண்டை போட்டன.

தபாலாபீஸில் அட்டை வாங்கப் போனால்
அதே முகம், மூக்குக்கண்ணாடியோடு
முத்திரை குத்திக்கொண்டிருக்கிறது.

"நான்தான்" என்றாள் நோலீன், கேட்குமுன்பே.
"சீட்டுக் குலுக்கினாங்க. க்ளைவ் பேருதான் வந்தது.
அவனுக்கு உயரம்னா பயம்.
படமாக்கூட ஏற மாட்டேன்னுட்டான்.
அந்தச் சிரிப்பு என்னோடது இல்ல,
வரைஞ்சவன் கையிலிருந்து போட்டது."

சில்லறையை எண்ணியபடியே சொன்னாள்:
"அறுவடை முடிஞ்சா
என் முகத்தை வெச்சுத்தான் கணக்கு.
போன வருஷம் கழுத்தைத் தாண்டல.
அதுக்கு முந்தின வருஷம்
நெத்தி வரைக்கும் நிரம்பினேன்,
பப்பில் யாரும் என்னைக் காசு கொடுக்க விடல.
பஞ்சத்துல
எதிர்ல வந்தவங்க தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க,
ஏதோ நான்தான் எல்லாத்தையும்
தின்னு தீர்த்த மாதிரி."

"இந்த வருஷம்?"

சன்னலுக்கு வெளியே லாரிகள் வரிசையில் நின்றன.
எட்டு இருக்கும். அவள் எண்ணவில்லை.
"மூக்கு வரலாம்" என்றாள்.
"மூக்கு வந்தா பள்ளிக்கூட பஸ் ஓடும்."

திரும்பும்போது
எதையும் எண்ண மறந்தேன்.
வளைவில்லாத சாலை:
பின்கண்ணாடியை விட்டு நோலீன் போகவேயில்லை,
சிறுத்துச் சிறுத்து
ஒரு கோதுமை மணி அளவாகி,
கடைசி வரை
அவளுடையதல்லாத சிரிப்போடு.
பக்கத்து இருக்கையில்
சாஸேஜ் கசியத் தொடங்கியிருந்தது.