முந்நூற்றுப் பதினான்கின் வால்வு

வரவேற்பறைச் சரவிளக்கில் நாற்பத்தோரு பல்புகள்.
எனக்குத் தெரியும்.
ஏணி என்னுடையது.

துணித்துண்டுகளைக் கட்டுக்கட்டாய் அள்ளிக்கொண்டு
நெஸ்தான் வந்த அன்று
திபிலீசியில் காற்று கதவுகளை உதைத்துக்கொண்டிருந்தது.
இது மாதுளைத் தோலின் உட்புற நிறம் என்றாள்.
சிவப்பு என்று எழுதிக்கொண்டேன்.

அவள் வரைபடத்தில் குழாய்களே இல்லை.
சுவர் என்றால் ஒரு கோடு, அவ்வளவுதான்.
அந்தக் கோட்டுக்குள்தான் நான்
பதினாறு வருடமாகக் குடியிருக்கிறேன்.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
குடலும் உண்டு.

"கட்டில் தலைப்பலகைக்குப் பின்னால்
வால்வு இருக்கிறது, அம்மணி."
"தெரியக்கூடாது."
தெரியவில்லைதான்.
மெத்தை தைத்த தலைப்பலகை, இரண்டு வரிசைப் பொத்தான்,
தரையோடு திருகிய கட்டில், தொண்ணூறு கிலோ.
திறப்பு விழாவில் எல்லோரும் தடவிப் பார்த்தார்கள்.
மேலாளர் இரண்டு முறை.

பிப்ரவரி. இரவு இரண்டு மணி பத்து நிமிடம்.
இருநூற்றுப் பதினான்கில் படுத்திருந்த
பதூமிப் பல் மருத்துவரின் தலையணையில்
சொட்டு.
மேலே முந்நூற்றுப் பதினான்கு, நல்லவேளை, காலி.
பக்கத்து அறையில் கைக்குழந்தை.
ஓதரும் நானும் திருகுகளைக் கழற்றினோம்,
கட்டிலைத் தூக்கினோம். இழுக்கக்கூடாது,
கம்பளம் புதிது, மீட்டர் என்ன விலையென்று
கையெழுத்து வாங்கித்தான் எங்களிடம் ஒப்படைத்தார்கள்.
ஓதரின் விரல் இடுக்கில் மாட்டியது.
சட்டைக் காலரைக் கடித்துக்கொண்டான்.
கத்தாமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான்
எங்களுக்குச் சம்பளம்.

விடிவதற்குள் கீழே கூரைக்கு வெள்ளை பூசி,
ஹேர் டிரையரால் உலர்த்தி,
லமாரா மூன்றாம் முறை விரிப்பு மாற்றி,
கறை விழுந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள்.
நாற்காலி அங்கேயே நின்றுவிட்டது.
இப்போது எல்லா அறையிலும் அந்த மூலையில்
ஒரு நாற்காலி போடுகிறார்கள், அழகு என்று.

நான் அறிக்கை எழுதவில்லை. அவளுக்கு போன் செய்தேன்.
வந்தாள், நல்ல கம்பளிக் கோட்டில்.
படுங்கள் என்றேன்.
முறைத்தாள். பிறகு படுத்தாள்,
டார்ச்சோடு தலையைக் கட்டிலுக்கடியில் விட்டு.
நெடுநேரம் பேச்சில்லை.
கம்பளத்தின் நெசவைப் பார்க்கிறாளோ என்று நினைத்தேன்.
"அது என்ன சத்தம்?"
"கொதிகலன். நான்கு மாடி கீழே."
"ராத்திரி முழுக்கவா?"
"பகலிலும்தான். பகலில் உங்கள் இசை போடுகிறார்கள்."

மன்னிப்புக் கேட்கவில்லை.
கோட்டில் ஒட்டிய தூசியைத் தட்டவும் இல்லை.
பதினோராம் நாள் ஒரு தச்சரோடு வந்தாள்,
கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஏப்ரல் கடைசியில் மறுபடி அழைப்பு.
முந்நூற்றுப் பதினான்கின் தம்பதி
கந்தகக் குளியலுக்குப் போயிருந்தார்கள்.
படுக்கையில் பாதி உரித்த ஆரஞ்சு.
அதைப் பார்க்காதிருக்கப் பழகிய கண் எனக்கு.
கீழ் வரிசை, இடமிருந்து மூன்றாம் பொத்தான்
என்று லமாரா சொல்லியிருந்தாள்.
அழுத்தினேன்.
மாதுளைச் சிவப்பு விரிசல் விட்டு,
கை நுழையும் அளவுக்கு ஒரு கதவு,
அதன் உட்பக்கமும் அதே துணியால் தைத்தது.
யார் பார்க்கப் போகிறார்கள் அதை?
நான் பார்த்தேன்.
தையல் நேராக இருந்தது.

வால்வுக்கு மேலே பென்சிலில்
அவளுடைய சரிந்த எழுத்து:
மூட, இடப்பக்கம் திருப்பவும்.

தவறு. வலப்பக்கம்.

மூடினேன், வாஷரை மாற்றினேன், திறந்தேன்.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
இடம் என்பதை ஒரே கோட்டால் அடித்து
மேலே வலம் என்று எழுதினேன்,
எனக்குப் பிறகு வருபவன்
இருட்டில் வருவான் என்பதால்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
அடியில் தேதியும் போட்டேன்.