ஆளணி: ஒன்று

வலயத்திலிருந்து கடிதம் வந்தது.
மொழி அமிழ்வு வகுப்புக்கு அனுமதி உண்டு,
ஆளணி இல்லை.
இரண்டையும் ஒரே வசனத்தில் எழுத
எங்கேயோ பயிற்சி கொடுக்கிறார்கள்.

பெற்றார் கூட்டத்தில் ஒருவர் எழும்பினார்:
"அமிழ்வெண்டா பிள்ளையள் தாழுறதோ, ரீச்சர்?"
ஆனைக்கோட்டை முழுக்கச் சிரித்தது.
முதலாம் தரம்,
எட்டிலிருந்து பத்தரை வரை
சிங்களம் மட்டும் என்றேன்.
சிரிப்பு நின்றது.

"இங்கிலீசெண்டாப் பரவாயில்லை" என்றது பின்வாங்கு.
லண்டன் கிளை தொலைபேசியில்
கொஞ்சநேரம் மூச்சு மட்டும் விட்டது.
பிறகு, "எங்கட காசிலயோ?"
தம்புள்ளையிலிருந்து மரக்கறி லொறி ஓட்டும் கனகசிங்கம்
மகளின் பெயரைப் பேனையால் எழுதினார்.
மற்றவர்கள் பென்சிலால்.
பதினொரு பெயர்.

நேர்முகத்துக்கு மூன்று பேர்.
ஓய்வுபெற்ற தபாலதிபர்
அரிச்சுவடியில் ஏறினவர் இறங்கவேயில்லை.
ஒரு பெடியன், நிரந்தரமோ என்று கேட்டான்;
டிசம்பர் வரை என்றதும்
தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டுப் போனான்.

மூன்றாவது நஸ்மியா.
பிறந்த இடம்: சோனகத்தெரு.
கல்வி கற்ற இடம்: புத்தளம்.
இடையில் என்ன நடந்தது என்று எழுத
படிவத்தில் கோடு இல்லை.
தொண்ணூறு, ஒக்டோபர்,
அவவுக்கு அப்ப நாலு வயது.
மேசைக்கு இந்தப் பக்கம் இருந்த மூவருக்கும் அது தெரியும்.
அதிபர் மின்விசிறியை ஒரு இலக்கம் கூட்டினார்.

சிங்களத்தில் ஐந்து நிமிடம் பேசச் சொன்னோம்.
பேசினா.
"நல்லாக் கதைக்கிறா" என்றார் அதிபர்.
எதை வைத்து என்று நான் கேட்கவில்லை.
எங்கள் மூவரில் ஒருவருக்கும் சிங்களம் தெரியாது.

எனக்கு இரண்டு சொல் தெரியும். வரென். பலயன்.
தொண்ணூற்றாறில் காவலரண் ஒன்றில்
"வரென்" என்றான் ஒருத்தன்.
"வாறன்" என்று எனக்குக் கேட்டது.
சரி, அவன்தானே வாறான் என்று
சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன்.
அவனும் நின்றான்.
வெயில்.
துவக்கு மெல்ல உயர்ந்த பிறகுதான்
வரச் சொன்னது என்னை என்று விளங்கியது.

இதை நஸ்மியாவுக்குச் சொன்னது
நியமனக் கடிதம் கொடுத்த அன்று, படிக்கட்டில்.
அவ சிரிக்கவில்லை.
"அது மாட்டைக் கூப்பிடுற மாதிரி, ரீச்சர்.
மனுசரை 'என்ன' எண்டு கூப்பிடோணும்.
என்ன எண்டா வாங்கோ.
யன்ன எண்டா போங்கோ."
பிறகு, ஸ்கூட்டியில் சாவியைப் போட்டபடி,
"எங்கள ஆரும் யன்ன எண்டுகூடச் சொல்லேல்லை.
தமிழிலதான் சொன்னவை" என்றா.

நான் நேரசூசியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.
அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

முதல்நாள், எட்டு மணி.
வாசலில் நின்று "என்ன" என்றா.
பதினொன்றும் ஒன்றாய், "என்ன?"
"என்ன, என்ன" என்று கையால் அழைத்தா.
"என்ன, என்ன?" என்று கத்திக்கொண்டே
உள்ளே ஓடின.
"வாடிவென்ன" என்றா.
வாடி என்று ரீச்சர் சொல்லலாமோ என்று
கனகசிங்கத்தின் மகள் வாயைப் பொத்தினாள்.
ஆனால் இருந்தாள்.

மூன்றாம் கிழமை நஸ்மியாவுக்குக் காய்ச்சல்.
பதில் ஆசிரியர் நிரலில்
என் பெயரைத் தவிர ஒன்றுமில்லை;
அதை எழுதியதும் நான்தான்.
போனேன்.
தமிழ் பேசக்கூடாது, சிங்களம் வராது.
இரண்டரை மணித்தியாலம்,
நாற்பத்தெட்டு வயதில்,
வாயில்லாமல் கரும்பலகைக்கு முன்னால்.

கனகசிங்கத்தின் மகள் எழும்பி வந்து
கதிரையை இழுத்துப் போட்டாள்.
"வாடிவென்ன, ரீச்சர்."

ஜனவரிக்கு ஆளணி கேட்டு
மறுபடி எழுதியிருக்கிறேன்.
இரண்டு என்று போட்டிருக்கிறேன்.
ஒன்றாவது தருவார்கள்.