இருநூறு வாட் வசந்தம்

தோள்வரை கை உள்ளே இருக்கும்போது
யாரும் என்னிடம் பேசக் கூடாது.
எவரிஸ்தோவுக்கு அது தெரியும்.
வாலை ஒதுக்கிப் பிடித்தபடி
அரவுக்கா ஆற்றின் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பான்.

திரையில் சாம்பல் மூட்டம்.
இடது சினைப்பை கொட்டைப்பாக்கு அளவு, கெட்டி.
வலதும் அப்படியே.
"தூங்குகிறாள்" என்று எழுதுகிறேன்
நாலாவது மாதமாக.

ஸீட்ஸ்கே ஃபிரீஸ்லாந்துக்காரி.
கரிய பிடரி, பெரிய குளம்பு,
விமானத்தின் வயிற்றில் நின்றுகொண்டே வந்தவள்.
அங்கே மார்கழியில் நாலரைக்கே இருட்டும்,
ஆனியில் பத்து மணிக்கும் வானம் மூடாது.
நீளும் பகலைக் கண்ணால் அளந்து
கருப்பைக்குச் சொல்லி அனுப்பும் உடம்பு அது.
இங்கே, நிலநடுக்கோட்டுக்கு ஏழு பாகை மேலே,
எந்த அரசு ஊழியரும் கடைப்பிடிக்காத நேரத்தில்
ஆறுக்கு வந்து ஆறுக்குப் போகிறது சூரியன்.
ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும்
ஐம்பது நிமிடம்தான் வித்தியாசம்.
ஒரு காப்பி, ஒரு சண்டை, ஒரு சமாதானம்.
அதற்குள் எதை அளப்பாள்?

"பகல் போதவில்லை என்றால்
நாம் கொடுப்போம் டாக்டர்"
என்றார் தோன் லிசாந்த்ரோ.
லாயத்தில் இருநூறு வாட் விளக்கு,
கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டர்,
இரவு பதினொன்று வரை.
எட்டு வாரத்தில்
லாயத்துத் தேரைகள் மட்டும் கொழுத்தன.
அவ்வளவு பூச்சி.

வெளியே கனேலாவுக்கு விளக்கு வைக்க ஆளில்லை.
லவங்கப்பட்டை நிறம், காதில் கத்தி வெட்டு,
விலை கேட்டால் எவரிஸ்தோ சிரிப்பான்.
இந்தச் சமவெளிக்குப் பெரும்பொழுது இரண்டுதான்:
தூசி, சேறு.
தூசியில் அவள் விலா எலும்பை எண்ணலாம்.
எண்ணினேன்.
பதினொன்று வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன்.
அவளுடைய சினைப்பையும் பாக்குதான்.
தூக்கம் இல்லை அது, சிக்கனம்:
தனக்கே புல் இல்லாதவள்
வயிற்றுக்குள் இன்னொரு வாய் வைப்பாளா?

மார்ச்சில், ஆற்றுக்கு அப்பாலிருந்து
இரவில் வரும் டீசல் நின்றது.
ஜெனரேட்டரும் நின்றது.
தேரைகள் இரண்டு நாள் காத்திருந்து கிளம்பின.

பிறகு மழை.
துத்தநாகக் கூரையில் குதிரைப்படை மாதிரி.
மூன்றாம் நாள் எருக்குழி மேல் பச்சை,
பத்தாம் நாள் முழங்கால் உயரம்,
அரிவாள்மூக்கன்கள் சிவப்பாக வந்து இறங்கின.
வானத்துக்கு வந்த பருவம்
பதினெட்டாம் நாள் கனேலாவுக்கும் வந்தது.
வேலிக்கு முதுகைக் காட்டி, வாலைத் தூக்கி,
பொலிகுதிரையைப் பார்க்காததுபோல் நின்றாள்.

இருபத்து நாலாம் நாள் ஸீட்ஸ்கே.
தோள்வரை கை உள்ளே.
திரையில் சுத்தமான கருப்பு வட்டம்,
நாற்பத்தொரு மில்லிமீட்டர்,
நாளையோ மறுநாளோ உடையும்.

தோன் லிசாந்த்ரோ தொலைபேசியில் கத்தினார்:
"விளக்கு! நான் சொன்னேனே!"
அணைந்து ஐந்து வாரம் ஆன விளக்கு.

எனக்கென்னவோ
ஃபிரீஸ்லாந்தில் இப்போது சித்திரை,
பகல் நீள்கிறது,
கண் இங்கே வந்துவிட்டாலும்
கணக்கு இன்னும் அங்கேதான் ஓடுகிறது
என்று தோன்றியது.
அடுத்த ஆண்டு பார்த்தால் தெரியும்.
தெரியாமலும் போகலாம்.

"இப்போது பேசலாமா?" என்றான் எவரிஸ்தோ.
என் கை இன்னும் வெளியே வரவில்லை.
பேசு, என்றேன்.
"புல்" என்றான்.
அவ்வளவுதான்.
மறுபடி ஆற்றைப் பார்க்கத் திரும்பிவிட்டான்.

படிவத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம்.
மூவரில் யார் பெயரைப் போட?
கையில் சாணமும் வழுவழுப்பும்,
பேனா பிடிக்க வரவில்லை.
தேதியை மட்டும் எவரிஸ்தோ எழுதினான்,
ஐந்தைத் திருப்பிப் போட்டு.

விளக்கை யாரும் கழற்றவில்லை.
குளவி கூடு கட்டியிருக்கிறது.