கட்டிலின் எந்தப் பக்கம்

ஆறாயிரம் யூரோ, மூன்று தவணை.
வீகோ துறைமுகத்துக் காப்பிக்கடையில்
மீன் ரசீதின் பின்புறம் எழுதிக்கொண்டோம்:
தனித்தனி அறை, தனித்தனிப் பால் டப்பா,
இரண்டு வருடம், ஒரு கையெழுத்து,
அப்புறம் யாரோ யாரோ.

அவன் பிரைஸ் லவுரிதோ.
நான் மக்வாலா. ஜார்ஜியாவில்
முள்ளுக்குள் பழுக்கும் ஒரு கறுப்புப் பழத்தின் பெயர் அது.
அதைக்கூடக் கேட்காமல் மோதிரம் போட்டான்.
செத்துப்போன அண்ணனின் மோதிரம். எனக்குப் பெரிது.
நூல் சுற்றிக்கொண்டேன்.

அதிகாரி வருவார், துருவிக் கேட்பார் என்று
இரவெல்லாம் பாடம் படித்தோம்.
அவளுக்குப் பிடித்த சூப் எது?
அவன் முதுகில் தழும்பு உண்டா?
கட்டிலின் எந்தப் பக்கம் தூங்குவான்?
"சுவர்ப் பக்கம்," என்றான். எழுதிக்கொண்டேன்.

முப்பத்தொன்றாம் கேள்வி:
உன் அக்கா எப்படி இறந்தாள்?
கொதிகலன் வெடித்து, என்றேன். கிரோகாவின் மீன் ஆலை.
காகிதம் இல்லாதவள் எத்தேரி, அதனால்
அன்று அவள் வேலைக்கே வரவில்லை என்று
ஆலையின் பேரேடு சொல்லிவிட்டது.

அவன் பேனாவை மூடினான்.
திறந்தான். மறுபடி மூடினான்.
உன் அண்ணன்? என்றேன்.
"கப்பலோடு."
யாருடைய கப்பல் என்று நான் கேட்கவில்லை.
இரண்டு தொண்டையில் ஒரே மீனின் முள்.

அந்த இரவின் விதியை ரசீதில் சேர்க்கவில்லை.
எழுதாததைக் கிழிக்க முடியாது.

கல்யாணம் தந்த அட்டையைக் காட்டி
கிரோகாவின் அலுவலகத்தில் இரவுத் துடைப்பக்காரி ஆனேன்.
குப்பைக்கூடையை என் கோட்டுக்குள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
பற்றவைப்புக் கணக்கு, தகட்டின் கனம்,
மூழ்குவதற்கு ஒன்பது நாள் முன்பு
இரட்டிப்பான காப்பீடு;
கைரேகை பார்ப்பவன்போல் அவன் ஒவ்வொன்றாக வாசித்தான்.
பதினேழு மாதம்.
புலிபோல் பாயவில்லை. கறையான்போல் போனோம்.

ஒருநாள் குடித்துவிட்டு,
கிழவனின் உல்லாசப் படகைக் கொளுத்தக் கிளம்பினான்.
தீப்பெட்டியை அரிசிக்குள் ஒளித்தேன்.
"எரித்தால் அதற்கும் காப்பீடு வாங்குவான்டா."
வாசலிலேயே உட்கார்ந்து சிரித்தான்.
நான் முதன்முதலில் கேட்ட அவன் சிரிப்பு,
இருமல் மாதிரி இருந்தது.

நீதிமன்றத்தில் கிரோகாவின் வக்கீல்
அந்த மீன் ரசீதைத் தூக்கிக் காட்டினார்.
எங்கிருந்து பிடித்தாரோ.
"விலைபேசிய கல்யாணம்.
பொய்யின் வயிற்றில் பிறந்த சாட்சி மெய்யாகுமா?"
கிரோகா கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தார்.
நீதிபதி, கண்ணாடியைக் கழற்றிய ஒரு பெண்மணி,
என்னிடம் கேட்டார்:
அவர் கட்டிலின் எந்தப் பக்கம் தூங்குவார்?

சுவர்ப் பக்கம்.
நாக்கு நுனியில் இருந்தது, படித்த பாடம்.

"தூங்கமாட்டார்," என்றேன்.
"மூன்று பத்துக்கு எழுந்துவிடுவார். கப்பல் போன நேரம்.
வீட்டில் எந்தக் குழாய் சொட்டுகிறது என்று தேடுவார்.
சொட்டாத குழாயையும் இறுக்குவார்.
காலையில் திறக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.
அவர் திரும்பிப் படுக்கும்வரை
கூடத்து விளக்கை நான் அணைப்பதில்லை."

சுருக்கெழுத்தாளரின் விரல்கள் மட்டும் ஓடின.
பிரைஸ் என்னைப் பார்க்கவில்லை.
கிரோகா பார்த்தார், முதல் தடவையாக,
தன் குப்பையைக் கொட்டியவளின் முகத்தை.

தீர்ப்பு இன்னும் வரவில்லை.
கடைசித் தவணை வெள்ளிக்கிழமை.
இரண்டாயிரத்தையும் எண்ணி
உறையில் போட்டுவிட்டேன்.
உறையை ஒட்டவில்லை.