உப்பும் தாள்

வால்திவியாவில் ஜூலை மழை என்றால்
ஜன்னலைத் திறக்காதே என்று அர்த்தம்.
தாள் ஈரம் குடித்துவிட்டால்
சூட்டில் கோடு எழும்பாது.

என் பதவியின் பெயர் நீளம். சம்பளச் சீட்டில்
பாதியில் நின்றுவிடுகிறது: 'கற்றல் ஆதர'.
வகுப்பறைப் பக்கம் போனதில்லை.
பேராசிரியர் ஒபான்டோ படம் அனுப்புவார்,
எப்போதும் ஞாயிறு இரவு,
எப்போதும் ஒரே தலைப்பு:
'அவசரம், எதெல்மீரா'.

இந்த முறை நிலநடுக்கப் பதிவு. பதினொரு வண்ணம்.
விரலுக்கு வண்ணம் ஏது?
கட்டங்களை எடு, நிழலை எடு,
நடுங்கிய கோட்டை மட்டும் கறுப்பில் வரை.
கறுப்புதான் வெப்பத்தில் உப்பும்.

செவ்வாய்க்கிழமை மிய்யாராய் வந்தாள்.
குடையை மூலையில் சாய்த்துவிட்டு
நின்றபடியே படித்தாள்.
இடது கை இடத்தைப் பிடித்துக்கொள்ள
வலது கை முன்னே போய்ப் பார்த்து வந்தது.

"நாற்பதாவது நொடியில் ஒன்று இருக்கிறதே,
சின்னதாக, பெரியதற்கு முன்னால்?
பாடத்தில் அவர் சொல்லவே இல்லை."

மூலப் படத்தைப் பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
வெள்ளை.

தாளை விளக்கடியில் சாய்த்தபோதுதான் தெரிந்தது:
தூங்கி விழுந்திருக்கிறேன்,
பேனா முனை மட்டும் விழித்திருந்து
ஒரு புள்ளி வைத்திருக்கிறது.

"அது நான்" என்றேன்.
"ஞாயிறு, பதினொன்றே முக்கால்."

சிரிப்பாள் என்று நினைத்தேன்.
விரலைத் திரும்ப அங்கே வைத்து
"எத்தனை ரிக்டர்?" என்றாள்.

புதுத் தாள் சூடேறி வர நாலு நிமிடம்.
அதுவரை பழையதை
அவள் விடவில்லை.