மூவாயிரத்து நானூற்று இருபத்து நான்கு

நக்கோன் சவானில் இரண்டு ஆறுகள் கலக்குமிடத்துக்குச் சற்றுத் தள்ளி
நீர்வளத் துறையின் கிளை அலுவலகம்.
எனக்கு விட்ட மேசைக்கு ஒரு கால் குட்டை.
அடியில் மடித்துவைத்த தொலைபேசிப் புத்தகம்,
மேலே நானூற்றுப் பதினோரு ஃபிளாப்பி.

"வெள்ளம் வந்த வருஷமெல்லாம் இதற்குள்தான்" என்றார் சுபாசித்.
"திறந்து பார்த்தால்
பேன் பிடித்த பிரெஞ்சு மாதிரி இருக்கிறது.
தாயாக்கிக் கொடு."

கணக்கு என்னவோ சுலபம்.
ஒவ்வொரு எண்ணோடும் மூவாயிரத்து நானூற்று இருபத்து நான்கைக் கூட்ட வேண்டும்.
161, 3585 ஆகும்.
உலகத்து எழுத்தெல்லாம் வாடகையில்லாமல் குடியிருக்கும்
அந்த ஒரே கட்டடத்தில்
எங்கள் தளத்துக்கு லிஃப்ட் அவ்வளவு உயரம் ஏறுகிறது.
ஒரு மதியத்தில் முடித்துவிடலாம் என்று
சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே உட்கார்ந்தேன்.

பதினெட்டு நாள் ஆயிற்று.

தரம் என்று ஒன்று வருவதற்கு முன்
பெட்டி விற்றவன் ஒவ்வொருவனும்
தன் சட்டைப்பையில் தனி அட்டவணை வைத்திருந்தான்.
ป எழுத்துக்குக் கழுத்து நீளம்,
தலைமேல் வரும் சுரக்குறி இடித்துக்கொள்ளும் என்று
கொஞ்சம் இடப்பக்கம் ஒதுங்கிய குறிக்கு
வேறொரு எண் கொடுத்திருந்தான் ஒருத்தன்.
அந்த எண்ணுக்குப் புதுக் கட்டடத்தில் அறை கிடையாது.
குறி மாறினால் காடு பெரியம்மா ஆகிவிடும்.
குறியே உதிர்ந்தால் யாரோ எதையோ எறிகிறார்கள்.
ஒரு முழு வாரம்
பெரியம்மாவின் பக்கத்திலிருந்து
தண்ணீர் வந்துகொண்டிருந்தது.
ஒதுங்கி நின்றவற்றையெல்லாம்
ஒவ்வொன்றாக வரிசைக்கு இழுத்துவந்தேன்.

அப்புறம் வட்டு 287.
புத்த வருஷம் 2538, அக்டோபர்.
இரவுப் பணி: சம்ருவாய்.
நிரல் நின்று சிவப்பில் ஒரு வரி காட்டியது:
ஐயத்துக்குரிய எழுத்து, 165.

ฅ.
கோ கோன். மனிதன் என்கிற ก்-வரிசைக்காரன்.
அரிச்சுவடியில் படம் உண்டு, பிள்ளைகள் பெயர் சொல்லிக் கத்துவார்கள்.
ஆனால் ஒரு சொல்லிலும் அவனுக்கு வேலையில்லை.
தட்டச்சுப் பொறியில் இடம் போதாமல் இறக்கிவிட்ட பிறகு
மனிதன் என்ற சொல்கூட
164-க்கு, அடுத்த வீட்டுக்கு, போய்விட்டது.
ஆகவே நானே ஒரு விதி எழுதி வைத்திருந்தேன்:
165 வந்தால் விரல் தவறியது என்று பொருள்.
ஒன்றைக் கழி.

நீர்மட்டம், மணி, குறிப்பு.
குறிப்புப் பத்தியில்:

இரவு பத்து      ฅฅฅฅฅฅฅฅฅ
பன்னிரண்டு    ฅฅฅฅฅฅฅ
இரண்டு            ฅฅฅฅฅฅฅ
நான்கு              ฅฅ

விரல் இத்தனை முறை தவறாது.

பள்ளிக்கூடத்துக் கூரையா, பாலத்து மேடா,
படகு வந்து ஏற்றிக்கொண்டு போயிற்றா, அல்லது
வேறு வகையில் குறைந்ததா,
அவர் எழுதவில்லை.
ஒருவேளை எழுத நேரமில்லை.
ஒருவேளை அவருக்கும் தெரியாது;
ஜன்னலில் டார்ச் அடித்து எண்ணியதை எண்ணியபடி
விசைப்பலகையில் சும்மா கிடந்த எழுத்தைத்
தட்டியிருக்கிறார்.

சுபாசித் எட்டிப் பார்த்தார்.
"பிழைதானே? மாற்றிவிடு."
அறிக்கையில் ஐயம் இருக்கக் கூடாதாம்.
வியாழக்கிழமை பாங்காக்குக்குப் போக வேண்டுமாம்.

ம் என்றேன்.
அவர் தேநீருக்குப் போனதும்
ஒன்றைக் கழிக்கும் வரியைத் தேடி அழித்தேன்.
மற்றவர்களுக்குக் கூட்டியதையே கூட்டினேன்.
3589, 3589, 3589.
இருபத்தைந்து முறை.

அடுத்த வரியில் காலை ஆறு மணி.
சுத்தமான தாய், ஒரு குறிகூடப் பிசகவில்லை:
மழை இல்லை. மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியது.